புத்தகமும் சமாதியும்

புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானவர்கள் கூடிப் பாடுவதை இரண்டு தடவை நேரில் கேட்டிருக்கிறேன். சங்கீதம் என்ற முறையில் அது எனக்கு உவப்பான அனுபவம் அல்ல. தனித்தனியாக நல்ல குரல்கள் கூட்டத்தில் கரைந்து ஒரு பொதுச் சத்தமாகிவிடுகின்றன. இரண்டாவது தடவை பாட்டை விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எதிரெதிராக வரிசை வரிசையாக. சற்றுத் தள்ளி, தியாகராஜர் சமாதியை நோக்கியபடி ஒரு பெண்ணின் சிலை. பக்கத்தில் இருந்தவரிடம் அது யார் என்று கேட்டேன். "அந்த அம்மாதான் சமாதி கட்டினவங்க" என்றார்.

உண்மைதான். பெங்களூர் நாகரத்தினம்மாள் சமாதி கட்டினார். ஆனால் கட்டியவர் என்ற ஒரே வினைக்குள் அவரை அடைத்துவிடுவதில் ஏதோ ஒரு சௌகரியம் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்ததில் அந்தச் சௌகரியத்துக்கு ஒரு சரித்திரமே உண்டு என்று தெரிந்தது. சமாதி கட்டுவதற்குப் பத்து வருஷங்களுக்கு முன்னால் அவர் ஒரு புத்தகம் போட்டார். அரசாங்கம் அதைப் பறிமுதல் செய்தது. ஒரே மனுஷி, ஒரு காரியத்துக்குச் சிலை, இன்னொரு காரியத்துக்குப் போலீஸ். இரண்டும் தனித்தனிக் கதைகள் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

புத்தகம் தெலுங்கு. பெயர் 'ராதிகா சாந்த்வனம்'. எழுதியவள் முத்துப்பழனி. பதினெட்டாம் நூற்றாண்டில், 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னன் பிரதாபசிம்மனின் சபையில் இருந்த தாசி. மன்னன் மராட்டியன், ஊர் தமிழ், காவிய பாஷை தெலுங்கு. அன்றைய தஞ்சாவூரில் இது யாருக்கும் விசித்திரமாகப் பட்டிருக்காது. இன்றைக்குத்தான் இது நமக்குப் புரியாமல் போய்விட்டது. முத்துப்பழனியைத் தெலுங்குக்காரர்களும் நம்முடையவள் என்று முழுமனதாகச் சொல்லவில்லை. தஞ்சையில் பிறந்து வளர்ந்து எழுதியவள் என்பதற்காக நாமும் சொல்லிக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவள் அவள். தாசி ஒருத்தி ஆண்டாளைத் தேடிப் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆண்டாளுக்குப் பிறகு தன் ஆசையைத் தன் வாயால் சொன்ன பெண்ணை வேறு எங்கே போய்த் தேடுவாள்?

காவியத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராதை இங்கே இளங்கன்னி அல்ல. கண்ணனுக்கு அத்தை முறை. வயதில் மூத்தவள், அனுபவஸ்தி. இளா என்ற சிறுமியைத் தானே வளர்த்துப் பெரியவளாக்கி, தானே கண்ணனுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறாள். முதல் இரவுக்கு முன் அந்தப் பெண்ணுக்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லித்தருகிறாள். கண்ணனுக்கும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று புத்தி சொல்கிறாள். சொல்லிவிட்டுத் தன் அறையில் வந்து தீயாய் எரிகிறாள். பிறகு கண்ணன் வந்து அவளைச் சமாதானம் செய்கிறான். சாந்த்வனம் என்றால் சமாதானப்படுத்துவது. 584 பாடல்கள். கடவுளைத் திருப்தி செய்யப் பெண்கள் தவம் கிடக்கும் காவியங்கள் நிறைய உண்டு. இங்கே கடவுள் வந்து ஒரு நடுவயதுப் பெண்ணைத் திருப்தி செய்ய வேண்டியிருக்கிறது. தெலுங்கு எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். காவிய நயம் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இந்தக் கதைப் போக்கின் துணிச்சல் மொழிபெயர்ப்பிலேயே தெரிகிறது. வளர்த்த மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் பொறாமையில் வேகும் ஒரு பெண்ணை, பரிகசிக்காமலும் பரிதாபப்படாமலும் நடுவில் நிறுத்தி எழுதியிருக்கிறாள்.

இந்தக் காவியத்துக்கு ஒரு பீடிகை உண்டு. காவியம் எழுதும் ஆண் கவி தன் குலம், கோத்திரம், குரு, தன் புலமை எல்லாவற்றையும் பீடிகையில் சொல்லிக்கொள்வது மரபு. முத்துப்பழனியும் சொல்லிக்கொள்கிறாள். பாட்டி தஞ்சநாயகியில் தொடங்கித் தன் வீட்டுப் பெண்களைச் சொல்கிறாள். தன் அழகை, படிப்பை, தான் புலவர்களுக்குக் கொடுத்ததை, தனக்குக் காவியங்கள் சமர்ப்பணம் செய்யப்பட்டதை எல்லாம் கூசாமல் சொல்கிறாள். மரபு ஆண்களுக்கு என்ன அனுமதித்ததோ அதைத் தானும் எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அகராதிக்காரர் சி.பி. பிரௌனுடன் வேலை பார்த்த பைடிபாடி வேங்கடநரசு 1887-ல் இந்த நூலை முதன்முதலில் அச்சிட்டார். அந்தப் பதிப்பில் விடுபட்டுப் போனவற்றில் இந்தப் பீடிகை முக்கியமானது. இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். சிருங்காரத்துக்கு அஞ்சியவர்கள் சிருங்காரப் பாட்டுகளை அல்லவா முதலில் வெட்டியிருக்க வேண்டும்? காவியம் அச்சேறியது, எழுதியவள் தன்னைப் பற்றிச் சொன்னது அச்சேறவில்லை. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இது ஒரு முன்னறிவிப்பு மாதிரி இருக்கிறது.

நாகரத்தினம்மாள் 1878-ல் மைசூர்ச் சீமையில் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தாயார் புட்டலட்சுமி. சிறுவயதிலேயே சம்ஸ்கிருதம், சங்கீதம் இரண்டிலும் பயிற்சி. இந்த நூற்றாண்டுக் கணக்கில் நாம் பேசும் 'படித்த பெண்' என்பவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள். அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பெண்கள் வருவதற்கு முன்னாலேயே இருந்த ஒரு படிப்பிலிருந்து வந்தார். சென்னைக்குக் குடிபெயர்ந்து, பாடிச் சம்பாதித்து, அரசாங்கத்துக்கு வருமானவரி கட்டுமளவுக்கு வளர்ந்தார். தஞ்சாவூர் தெலுங்கு மன்னர்களின் சரித்திரத்தில் முத்துப்பழனியின் பெயரைப் பார்த்து, அச்சுப் பிரதியைத் தேடிப் பிடித்து, அது குறையுள்ளது என்று கண்டு, சுவடியைத் தேடி, ஒப்பிட்டு, பீடிகையோடு சேர்த்துப் பதிப்பித்தார். 1910-ல் வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்த்ருலு அண்ட் சன்ஸ் வெளியிட்டார்கள். தெலுங்கு இலக்கியத்தில் அவர்களுக்கு இருந்த இடம் பெரிது. மலிவுக் கதைப் புத்தகக்காரர்கள் அல்ல. முகவுரையில் நாகரத்தினம்மாள் ஒளிவுமறைவு இல்லாமல் தன் காரணத்தைச் சொல்கிறார்: ரசம் நிறைந்த நூல் என்பதற்காக மட்டுமல்ல, எழுதியவள் ஒரு பெண், அதுவும் தன் குலத்தைச் சேர்ந்தவள் என்பதற்காக இதைச் செவ்வையாக வெளியிட வேண்டியது தன் கடமை என்று நினைத்தாராம்.

இந்தப் பதிப்பை உ.வே. சாமிநாதையர் செய்த மாதிரியான பதிப்பு வேலை என்றே நான் கருதுகிறேன். அளவில் சிறிது, ஆனால் சுவடி தேடியது, பாடம் ஒப்பிட்டது, மூலத்தை ஆசிரியன் எழுதியபடி மீட்க வேண்டும் என்ற பிடிவாதம், இவையெல்லாம் அதே ஜாதி. நம் பதிப்பு வரலாறுகளில் இந்த அம்மாளின் பெயரை நான் பார்த்ததில்லை.

எதிர்ப்பு, எதிர்பார்க்கக்கூடிய மடிசஞ்சிகளிடமிருந்து மட்டும் வந்திருந்தால் கதை சப்பென்றிருக்கும். முத்துப்பழனியைப் பற்றிக் கடுமையாக எழுதியவர் கந்துகூரி வீரேசலிங்கம். 1881-ல் ராஜமுந்திரியில் விதவா விவாகம் நடத்திக் காட்டியவர். அதற்காக ஊர் விலக்கைத் தாங்கியவர். பெண் கல்விக்காகப் பள்ளிக்கூடம் வைத்தவர். அவரைக் குறைவாக மதிப்பிடுவதற்கு நான் யார்? ஆந்திரக் கவிகளின் சரித்திரத்தில் அவர் எழுதியதன் சாரம் இது: இந்தக் காவியத்தில் பெண்கள் காதால் கேட்கத்தகாத விஷயங்கள் இருக்கின்றன, ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரலாமா? சிருங்காரம் என்ற சாக்கில் கலவியை எழுதியிருக்கிறாள். வேசி குலத்தில் பிறந்து பெண்ணுக்குரிய நாணம் இல்லாதவளாகையால் எழுதினாள்.

நாகரத்தினம்மாள் பதில் சொன்னார். நாணம் என்பது பெண்களுக்கு மட்டும் இயற்கையா, ஆண்களுக்கு இல்லையா? தாசி எழுதினால் குற்றம் என்றால் மதிப்புக்குரிய ஆண்கள் எழுதலாமா? 'வைஜயந்தீ விலாசம்' போன்ற நூல்களில் இருப்பதைவிடவா இதில் அதிகம் இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்விதான் தைத்திருக்கும். 'வைஜயந்தீ விலாசம்' நம் தொண்டரடிப்பொடியாழ்வார், அதாவது விப்ரநாராயணர், தேவதேவி என்ற தாசியிடம் மயங்கிய கதை. அதை வீரேசலிங்கமே பார்த்துச் சரி சொல்லி வெளிவந்தது என்று அம்மாள் சுட்டிக்காட்டினார். தாசியைப் பற்றி ஆண் எழுதினால் பாடபுத்தகம். தாசியே எழுதினால் ஆபாசம்.

வீரேசலிங்கத்திடம் இருந்தது போலித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. பெண்கள் படிக்க வேண்டும், மறுமணம் செய்யவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டவர். அவர் மனத்தில் இருந்த பெண், மீட்கப்பட வேண்டியவள். மீட்கப்பட வேண்டியவள் என்றால் அதற்கு முன் துன்பப்பட்டிருக்க வேண்டும், வாய் பேசாதிருந்திருக்க வேண்டும். நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னாலேயே படித்து, எழுதி, தன் புலமையைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்ட ஒருத்தியை வைத்துக்கொண்டு சீர்திருத்தவாதி என்ன செய்வது? அவள் அவருடைய திட்டத்துக்குள் வரவில்லை.

பத்திரிகையில் வந்த ஒரு மதிப்புரை இன்னும் அப்பட்டமாக, ஒரு வேசி எழுதியதை இன்னொரு வேசி பதிப்பித்திருக்கிறாள் என்ற ரீதியில் எழுதியது. நூலின் மீதான விமர்சனம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. அரசாங்கத்தின் தெலுங்கு மொழிபெயர்ப்பாளர் கோடேடி கனகராஜு பந்துலு, ஆட்சேபகரமான பகுதிகள் என்று தேர்ந்தெடுத்து இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுத்தார். காவியத்தை முழுக்கப் படித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய வெள்ளைக்காரனுக்குத் தெலுங்கு தெரியாது. தெலுங்கு தெரிந்தவர் பொறுக்கிக் கொடுத்ததைத்தான் அவன் படித்தான். 1911-ல் போலீஸ் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. பண்டிதர்கள் பலர் கையெழுத்திட்டு, இப்படிப் பார்த்தால் தெலுங்குக் காவியங்களில் பாதி மிஞ்சாது என்று முறையிட்டும் பயன் இல்லை. வேறு சில காவியங்களும் அந்தச் சோதனையில் சிக்கின. 1927-ல் மறுபடி வாவிள்ள கடையில் சோதனை.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆபாசம் பற்றிய சட்டம் 1860-ல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292-ம் பிரிவு. எது ஆபாசம் என்பதற்கு அன்று நீதிமன்றங்களுக்கு வழிகாட்டியது இங்கிலாந்தில் 1868-ல் ஹிக்ளின் வழக்கில் சொன்ன அளவுகோல்: கெட்டுப்போகக்கூடிய மனத்தைக் கெடுக்கும் தன்மை உண்டா என்று பார்ப்பது. சுப்ரீம் கோர்ட் அந்த அளவுகோலைக் கைவிட்டது 2014-ல்தான். ஆனால் எனக்கு அக்கறை வேறொன்றில். 292-ம் பிரிவில் ஆரம்பத்திலிருந்தே ஒரு விலக்கு இருந்தது. கோயிலில் செதுக்கப்பட்ட, வரையப்பட்ட உருவங்களுக்கும், சுவாமியை எழுந்தருளச் செய்யும் தேரில் உள்ள உருவங்களுக்கும், மத காரியத்துக்காக வைத்திருப்பவற்றுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. 2024 ஜூலையில் பழைய சட்டம் போய்ப் புதிய பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது. பிரிவின் எண் 294 ஆகியிருக்கிறது. தேர் அப்படியே இருக்கிறது.

எங்கள் பக்கத்துத் தேர்களின் அடித்தட்டுச் சிற்பங்களைச் சிறுவயதில் பார்த்து, பெரியவர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று திரும்பிக்கொண்டிருக்கிறேன். வெள்ளைக்காரன் சட்டம் எழுத உட்கார்ந்தபோது அவனுக்கும் அதே சங்கடம் வந்திருக்கிறது. அவனும் திரும்பிக்கொண்டான். நான்கு வீதியில் ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கும் மரத்தில் இருந்தால் ஆபாசம் அல்ல. யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து தெலுங்கு தெரிந்தால் மட்டுமே படிக்கக்கூடிய புத்தகத்தில் இருந்தால் ஆபாசம். தேரில் செதுக்கியவன் தச்சன். அவனுக்குப் பெயர் கிடையாது, அவன் தன்னைப் பற்றிப் பீடிகை எழுதவில்லை. உற்சவம் என்பது பேசுகிறவரை அழித்துவிட்டுப் பேச்சை மட்டும் அனுமதிக்கும் ஏற்பாடு என்று எனக்குப் படுகிறது.

தேர் மட்டுமல்ல. அதே தஞ்சைச் சீமையில் ராதா கல்யாணம் உற்சவமாக நடக்கிறது. ஜெயதேவரின் அஷ்டபதியைப் பாகவதர்கள் பக்திப் பரவசத்தோடு பாடுகிறார்கள். அர்த்தம் தெரிந்து கேட்டால் முத்துப்பழனிக்கு அது ஒன்றும் குறைந்ததல்ல. கிருஷ்ணதேவராயர் சபையில் இருந்த நந்தி திம்மனாவின் 'பாரிஜாதாபஹரணம்' காவியத்தில் சத்தியபாமை கண்ணனை இடது காலால் உதைக்கிறாள். தெலுங்கில் அது போற்றப்பட்ட பிரபந்தம். திம்மனா ஆண், ஜெயதேவர் ஆண், அதோடு பக்தர். எழுதப்பட்டது என்ன என்ற கேள்வியைவிட எழுதியது யார் என்ற கேள்விதான் தடைக்கு அடிப்படை என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை.

புத்தக வழக்கில் நாகரத்தினம்மாள் தோற்றார். தர்க்கத்தில் ஜெயித்துத்தான் தோற்றார்.

இனி சமாதி. தியாகராஜர் 1847 ஜனவரியில் மறைந்தார். கடைசியில் சந்நியாசம் வாங்கிக்கொண்டதால் காவிரிக் கரையில் சமாதி. அது இடிந்து கவனிப்பாரின்றிக் கிடந்து, இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் சிஷ்ய பரம்பரையினர் சீர்செய்தார்கள். பிறகு ஆராதனை பெரிய அளவில் நடக்க ஆரம்பித்தது. தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் சகோதரர்கள் முன்னின்று தொடங்கி, விரைவிலேயே பிளவு வந்து, பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகி, ஒரு கட்சி ஆராதனை நாளோடு முடிப்பதும் மற்றது அந்த நாளில் தொடங்குவதுமாக ஒரு உடன்பாடு. பரமபக்தரின் நினைவில் இரண்டு கட்சிகள். எல்லாவற்றிலும் சண்டை, ஒன்றில் மட்டும் ஒற்றுமை. பெண்கள் பாடக்கூடாது.

பெண்கள் என்றால் அன்று தாசிகள். மேடையேறிப் பாடிய பெண்கள் அவர்கள்தான். தியாகராஜ கீர்த்தனங்கள் ஊர் ஊராகப் பரவியதில் அவர்கள் பாட்டுக்குப் பங்கு உண்டு. வீட்டுக் கல்யாணங்களில் அவர்கள் பாடியதை வாயைத் திறந்துகொண்டு கேட்டவர்கள், சமாதியில் பாடினால் தீட்டு என்றார்கள்.

1921-ல் சமாதி மறுபடி சிதிலமாகிக் கிடப்பதாக பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து நாகரத்தினம்மாளுக்குக் கடிதம் வந்தது. தியாகராஜர் கனவில் தோன்றியதாக அவர் சொன்னார். கனவை நான் விவாதிக்கப் போவதில்லை. நகைகளை விற்றார், சமாதியைச் சுற்றிய நிலத்தை வாங்கினார், அந்த வருஷமே அஸ்திவாரம் போட்டார். 1925 ஜனவரியில் குடமுழுக்கு. செலவு அவருடையது, நிலம் அவருடையது, கட்டடம் அவருடையது. தியாகராஜருக்கு சம்ஸ்கிருதத்தில் நூற்றெட்டு நாமங்கள் கொண்ட அஷ்டோத்தரமும் அவரே இயற்றினார். அந்தக் கோயிலில் அவர் பாடக்கூடாது.

இந்த முறை அவர் முகவுரை எழுதவில்லை. நாணம் ஆண்களுக்கு இல்லையா என்று கேட்கவில்லை. தாசிப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய், சமாதிக்குப் பின்புறம் மூன்றாவதாக ஒரு ஆராதனை ஆரம்பித்தார். ஊர் அதைப் பெண்கள் கட்சி என்றது. அங்கே பாட்டு நடந்தது, அவரே ஹரிகதை செய்தார். முன்புறம் இரண்டு கட்சிகளும், பின்புறம் இவர்களும். பக்தி என்ற ஒரே வாதத்தை வைத்து, பத்திரத்தில் தன் பெயர் இருந்த நிலத்தில் நின்று, பதினைந்து வருஷம் விடாமல் செய்தார். 1940-ல் முசிரி சுப்பிரமணிய ஐயர், ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணஸ்வாமி முதலியோர் முயற்சியில் மூன்று கட்சிகளும் இணைந்தன. தியாகப்பிரும்ம மகோத்சவ சபை ஏற்பட்டது. பெண்கள் பாடலாயிற்று. நான் கேட்ட பஞ்சரத்தினக் கோஷ்டி கானம் அந்த இணைப்புக்குப் பிறகு உருவானதுதான்; தியாகராஜர் காலத்து வழக்கம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கதவு திறந்தது சரி, யாருக்காகத் திறந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1930களில் டி.கே. பட்டம்மாள் போன்ற பிராமணக் குடும்பப் பெண்கள் மேடையேறத் தொடங்கிவிட்டார்கள். பெண் என்றால் தாசி என்ற சமன்பாடு உடைந்துகொண்டிருந்தது. குடும்பப் பெண்கள் வந்து நின்றபோது மறுப்பதற்கு முகம் இல்லை. நாகரத்தினம்மாளின் பிடிவாதம் இல்லாமல் அது நடந்திருக்காது; ஆனால் அவருடைய பிடிவாதத்தால் மட்டும் நடக்கவில்லை.

அதே சமயம் வேறொரு பக்கம் அவருடைய காலுக்குக் கீழேயிருந்த மண் போய்க்கொண்டிருந்தது. 1927-ல் சென்னை சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி, கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-ல் தாசிகளின் மானிய நிலத்தை ஊழியத்திலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாளும் அந்தக் குலத்தில் பிறந்தவர்தான். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-ல் 'தாசிகள் மோசவலை' எழுதினார். அவரும் அதே குலம், உள்ளேயிருந்து எழுந்த கசப்பு அது. அந்தக் கசப்பை நான் மதிக்கிறேன். சிறு பெண்களைப் பொட்டுக்கட்டியது எந்தக் கலையின் பெயராலும் நியாயப்படுத்தத் தகாதது. நாகரத்தினம்மாள் மறுபக்கத்தில், எதிர்த்து மனுக் கொடுத்த தாசிகளோடு முன்வரிசையில் நின்றார். எங்களை விபசாரிகள் என்று சட்டம் போட்டு அழைக்காதீர்கள், படிப்பைக் கொடுங்கள் என்பதுதான் அந்த மனுக்களின் உள்ளடக்கம். இந்த விஷயத்தில் அவர் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் தாசிகளைப் பற்றி நடந்த அந்த நீண்ட விவாதத்தில் தாசிகளின் குரலைக் கேட்டுவிட்டு மறுத்தவர்கள் எத்தனை பேர், கேட்காமலே மறுத்தவர்கள் எத்தனை பேர் என்று யோசிக்கிறேன். வீரேசலிங்கம் ஒரு கவியிடம் செய்ததைச் சட்டசபை ஒரு குலத்திடம் செய்தது. நோக்கம் இரண்டு இடத்திலும் நல்லது.

1947-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த டி. பிரகாசம் 'ராதிகா சாந்த்வனம்' மீதிருந்த தடையை நீக்கினார். தெலுங்குக் கவிதையின் மாலையில் உதிர்ந்த முத்துக்களைத் திரும்பக் கோப்பதாக அவர் அதைப் பற்றிச் சொன்னாராம். அவருக்குப் பின் வந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் அதே வருஷம் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. தாசி எழுதிய நூல் சட்டத்தின் பிடியிலிருந்து விடுபட்டது. தாசி என்ற ஸ்தானம் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. ஒரு வகைப் பெண் இனி இல்லை என்று ஆன பிறகு அவள் எழுதியதைப் படிக்க அனுமதிப்பதில் ஆபத்து எதுவும் கிடையாது. அரசாங்கம் யோசித்து இப்படிச் செய்தது என்று நான் சொல்லவில்லை. யோசிக்காமல் நடந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நாகரத்தினம்மாள் 1949-ல் உயில் எழுதினார். சொத்தைத் தியாகராஜர் சமாதிக்கு வைத்தார். பெண்கள், தேவதாசிகள் உட்பட, அங்கே வழிபடவும் பாடவும் யாரும் தடை சொல்லக்கூடாது என்பதை அதில் எழுதி வைத்தார். அவரிடம் மிஞ்சியிருந்த எச்சரிக்கை உணர்வு இது. சங்கீத உலகம் அவருக்குக் கொடுத்த பட்டங்களில் நிலைத்தது 'தியாக சேவாசக்த' என்பது. சேவை செய்தவள். 1952 மே மாதம் காலமானார். அவருடைய சமாதியும் அங்கேயே அமைந்தது. அதே 1952-ல் வாவிள்ள 'ராதிகா சாந்த்வனம்' நூலை மீண்டும் வெளியிட்டார்கள். தடை இல்லை, ஆனால் படிப்பவர்களும் அதிகம் இல்லை. 1980களின் கடைசியில் சூசி தாருவும் கே. லலிதாவும் பெண்கள் எழுத்தைத் தொகுக்கும்போது இந்த நூலின் பிரதி எளிதில் கிடைக்கவில்லை. அவர்கள் தொகுப்பு 1991-ல் வந்த பிறகுதான் முத்துப்பழனி மறுபடி பேசப்பட்டாள். இங்கிலீஷில் முழு மொழிபெயர்ப்பு 2011-ல் வந்தது. தமிழில் நான் இன்னும் பார்க்கவில்லை.

பழைய கதைதானே என்று விட்டுவிடலாம் என்றால் 2018 ஜனவரி நினைவுக்கு வருகிறது. ஆண்டாளைப் பற்றி வைரமுத்து பேசி 'தினமணி'யில் கட்டுரையாக வந்தபோது, அதில் ஓர் ஆய்வாளர் கூற்றாக ஆண்டாளைத் தேவதாசி மரபோடு தொடர்புபடுத்திய ஒரு வாக்கியம் இருந்தது. மாதக்கணக்கில் கொந்தளிப்பு. மன்னிப்புக் கேள் என்று ஊர்வலங்கள். அந்தக் கட்டுரையின் ஆராய்ச்சி மதிப்பைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. ஆனால் எதிர்த்தவர்கள் ஆண்டாளை அவமதித்துவிட்டார்கள் என்றார்கள். ஆதரித்தவர்கள் அவமதிக்கும் நோக்கம் இல்லை என்றார்கள். அந்த வார்த்தை அவமானம் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமே இருக்கவில்லை. அதில் அவமானம் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடிய மனுஷி திருவையாற்றில் சிலையாக இருக்கிறார். நாச்சியார் திருமொழியில் கல்யாணக் கனவுப் பாசுரங்களை மட்டும் கல்யாண வீடுகளில் பாடிவிட்டு, மற்றவற்றை அர்த்தம் சொல்லாமல் கடந்துவிடும் நம் பழக்கத்தை முத்துப்பழனி கேட்டால் என்ன சொல்வாள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவை திருவையாறு போனபோது, பாட்டு முடிந்து கூட்டம் கலைந்ததும் பந்தலுக்கு வெளியே போட்டிருந்த புத்தகக் கடையில் நின்றேன். கீர்த்தனைப் புத்தகங்கள், ஸ்வரப்படுத்தியவை, படங்கள், குறுந்தகடுகள். நாகரத்தினம்மாள் பதிப்பித்த 'ராதிகா சாந்த்வனம்' இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் பெயரை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "ராதா கல்யாணம் பத்ததியா சார்? இருக்கே" என்று உள்ளேயிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.